ஆயிரத்துக்கு மூவர்: டி. பி. ஜாயாவின் நாடாளுமன்ற வாழ்வு



இலங்கை அரசியல் வரலாறு என்றவுடன் தமிழ் வாசகர்களாகிய நமக்கு நினைவில் எழும் பெயர்கள் சிலவே. இராமநாதன், அருணாசலம், ஜி. ஜி. பொன்னம்பலம், செல்வநாயகம், தொண்டமான் என்று அந்த வரிசை போகும். எதிர்ப்பக்கத்தில் சேனநாயக்கா, பண்டாரநாயக்கா. இந்த இரு வரிசைகளிலும் சேராத ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறேன். துவான் புர்ஹானுதீன் ஜாயா. மலாயர். கொழும்பில் டார்லி வீதி என்றிருந்த சாலைக்கு இன்று அவர் பெயரே இடப்பட்டிருக்கிறது. நம்மில் பலர் அவரை ஒரு சாலைப் பெயராகக்கூட அறிந்திருக்க மாட்டோம்.

சத்தியவேட்டுக்காரனுக்கு மலாயரைப் பற்றி என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பட்டாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, நாங்கள் ஆந்திரத்துக்குப் போனோம். வடக்கெல்லைப் போராட்டத்தின் வெற்றியைக் கொண்டாடும் நூல்களில் திருத்தணிக்கு ஓர் அத்தியாயம் உண்டு; எங்களுக்குப் பெரும்பாலும் ஓர் அடைப்புக்குறி. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு நகர்ந்ததால் மொழிச் சிறுபான்மையராக ஆனவர்கள் நாங்கள். 'எண்ணிக்கையில் குறைந்தவர்களின் குரல் சட்டமன்றத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது?' என்ற கேள்வி ஆய்வுக்கு முன்பே எனக்குள் இருந்தது. அதற்கு விடை தேடிப் படித்த நாள்களில்தான் ஜாயாவைக் கண்டேன். அவருடைய வாழ்க்கை அந்தக் கேள்விக்கான ஒரு நீண்ட சோதனை.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 66 லட்சம். அதில் மலாயர் சுமார் 22,500 பேர். ஆயிரத்துக்கு மூவர், சற்றே கூடுதல். அடுத்த ஆண்டு அமைந்த நாடாளுமன்றத்தின் 101 இடங்களை மக்கள்தொகை விகிதப்படி பங்கிட்டிருந்தால், அவர்களுக்கு ஓர் இடத்தின் மூன்றில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது. அதுவும் அவர்கள் ஒரே இடத்தில் திரண்டு வாழ்ந்தவர்களும் அல்லர். கொழும்பின் கொம்பனித்தெரு, கண்டி, அம்பாந்தோட்டை, மலையகத் தோட்டப் பகுதிகள் என்று சிதறிக் கிடந்தார்கள். எந்த ஒரு தொகுதியையும் தங்கள் வாக்கால் மட்டும் வெல்லும் நிலை அவர்களுக்கு என்றுமே இருந்ததில்லை. அத்தகைய சமூகத்தில் பிறந்த ஒருவர் சட்டநிரூபண சபை, அரசாங்க சபை, நாடாளுமன்றம் என்ற மூன்று அவைகளிலும் அமர்ந்து, விடுதலை பெற்ற இலங்கையின் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். எப்படி?

மலாயர் இலங்கைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சாவகச்சேரி என்ற ஊர்ப்பெயரையும், 13ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த சாவக மன்னன் சந்திரபானுவையும் காட்டி இவர்களின் வரலாற்றைப் பழமைப்படுத்துவோர் உண்டு. அந்தத் தொடர்பை நிறுவுவது எளிதன்று. இன்றைய மலாயரின் முன்னோர் பெரும்பாலும் ஒல்லாந்தர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, ஜாவாவிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகள் பலவற்றிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். சிலர் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினர், பலர் படைவீரர், சிலர் அடிமைகள். சிங்களத்தில் அவர்களை 'ஜா மினிசு', அதாவது ஜாவா மனிதர், என்றார்கள். பிரிட்டிஷார் அவர்களை இலங்கை ரைபிள் படையில் சேர்த்தார்கள். 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டபோது மலாயர் காவல்துறைக்கும் சிறைத்துறைக்கும் தீயணைப்புப் படைக்கும் தோட்டத் துரைகளின் கீழான வேலைகளுக்கும் சென்றார்கள். துப்பாக்கியும் சீருடையும் அவர்களுக்குச் சோறு போட்டன. நிலமும் வணிகமும் அவர்கள் கையில் இல்லை. அரசியல் செல்வாக்கு வளரும் மண் நிலமும் வணிகமும்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எழுத்து இருந்தது. பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய் இதழை அரபு எழுத்தில் அச்சிட்டார். மலாய் மொழி இதழியலின் தொடக்க காலத்து இதழ்களுள் அது ஒன்று. வெளிவந்ததோ மலாயாவில் அல்ல, இலங்கையில். மொழியியல் நண்பர்களுக்காக இன்னொன்று: இலங்கை மலாய் மொழியின் சொற்கள் மலாய்; வாக்கிய அமைப்போ வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து, வேற்றுமை உருபுகளைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும் நம் அமைப்பு. அண்டை வீட்டுச் சோனகரின் தமிழா, சிங்களமா, எது அதை அப்படி வளைத்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சொந்த மொழியின் இலக்கணமே அண்டை வீட்டாரிடமிருந்து வந்த ஒரு சமூகம் அது.

ஜாயா 1890 ஜனவரி 1 அன்று கண்டியை அடுத்த கலகெதரையில் பிறந்தார். கொழும்பு புனித தோமையார் கல்லூரியில் படித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் பெற்றார். ஆசிரியராகப் பணியாற்றிய கல்லூரிகளுள் தர்மராஜ, ஆனந்த ஆகிய இரண்டு பௌத்தக் கல்லூரிகளும் அடக்கம். கிறித்தவப் பள்ளியில் படித்து, பௌத்தப் பள்ளிகளில் கற்பித்து, 1921இல் கொழும்பு மருதானையில் உள்ள ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அப்போது அங்கே மாணவர் தொகை நூற்றுக்கும் குறைவு. கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் அதை நடத்தினார். அது இலங்கை முஸ்லிம்களின் முதன்மைக் கல்வி நிலையமாயிற்று. கம்பளை, மாத்தளை, அளுத்கம ஆகிய ஊர்களில் கிளைகள் முளைத்தன.

ஸாஹிராவின் பின்னணி நமக்கு நெருக்கமானது. அதன் மூலமான மதரஸாவை 1892இல் தொடங்கியோருள் ஒருவர் சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் இதழை நடத்தியவர், 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதியவர். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த அராபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் அவருக்குத் துணை நின்றார்கள். ஜாயாவுக்குப் பின் அதிபரானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ். கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தவர், பின்னர் அங்கேயே கற்பித்தவர். தமிழ் பேசும் சோனகரின் பணத்தில் எழுந்து, தமிழறிஞர்களை உருவாக்கிய ஒரு கல்லூரியை, அதன் வளர்ச்சிக் காலம் முழுவதும் நடத்தியவர் ஒரு மலாயர். ஜாயாவின் அரசியல் வாழ்வு முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

அவர் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் வாசல் சமயம்.

1924இல் நடைமுறைக்கு வந்த மானிங் சீர்திருத்தத்தின்படி, இலங்கை முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு முஸ்லிம் வாக்காளர் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கலாம். சொத்தோ வருமானமோ உடைய, படித்த ஆண்களுக்கே வாக்கு. அந்தத் தேர்தலில் வென்ற மூவர் எச். எம். மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர், டி. பி. ஜாயா. முதலிருவர் சோனகர். மூன்றாமவரை மலாயர் வாக்கு மட்டும் அனுப்பியிருக்க இயலாது. சோனகரும் அவருக்கு வாக்களித்தார்கள். தனி வாக்காளர் தொகுதி என்றால் பிரிவினையின் வித்து என்று மட்டுமே படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது ஓர் இணைப்பையும் செய்தது: இரு வேறு மொழியும் இரு வேறு மூதாதையரும் கொண்ட சமூகங்களை ஒரே வாக்குப் பெட்டியைச் சுற்றி நிறுத்தியது.

'முஸ்லிம்' என்ற அந்தச் சொல்லின் மேல் நடந்த வழக்கை நாம் கவனிக்க வேண்டும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டுமே வேறானவர் என்று ஒரு கட்டுரையை வாசித்தார். முஸ்லிம்களுக்குச் சட்டநிரூபண சபையில் தனி இடம் தரலாமா என்ற பேச்சு எழுந்திருந்த நேரம் அது. தமிழரே என்றால் தனி இடம் எதற்கு? ஆனாலும் 1889இல் எம். சி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு நூல் எழுதினார். 1915இல் சிங்கள-முஸ்லிம் கலவரம் வெடித்தபின், சிறையிலிருந்த சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் லண்டன் வரை சென்று வாதாடியதை முஸ்லிம்கள் மறக்கவில்லை. அவர் வாதாடியது அநீதியான இராணுவச் சட்டத்துக்கு எதிராகத்தான்; ஆயினும் கடை எரிந்தவனின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். தமிழ்த் தலைமையின் குடைக்கீழ் நிற்க முஸ்லிம்கள் தயங்கியதன் வேர் இங்கே இருக்கிறது.

முஸ்லிம்களுக்குள்ளேயே இன்னொரு பிளவு இருந்தது. அகில இலங்கைச் சோனகர் சங்கத்தின் தலைவரான ராஸிக், பின்னாளில் சர் ராஸிக் பரீத், 'சோனகர்' என்ற இனப்பெயரையே முன்வைத்தார். ஜாயா நின்ற அகில இலங்கை முஸ்லிம் லீக் 'முஸ்லிம்' என்ற பெயரை முன்வைத்தது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது வெறும் பெயர்ச் சண்டை. ஜாயாவுக்கு அது உயிர்ச் சண்டை. 'சோனகர்' என்றால் அவர் வெளியே. 'முஸ்லிம்' என்றால் உள்ளே. அவர் சமயப்பற்று உடையவர் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு சொல் தன்னையும் தன் 22,500 பேரையும் உள்ளடக்குகிறதா, வெளியே தள்ளுகிறதா என்பதையும் அவர் எடை போடாமல் இருந்திருக்க மாட்டார் என்றே நான் கருதுகிறேன். பெயர்களை இப்படி எடை போடுவது எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்குத் தானாக வந்துவிடும் பழக்கம்.

முதல் வாசல் ஏழே ஆண்டுகளில் மூடப்பட்டது. டொனமூர் குழு, இனவாரிப் பிரதிநிதித்துவம் அரசியல் உடலை அரிக்கும் நோய் என்ற முடிவுக்கு வந்து, அதை ஒழித்து, 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்களிக்கப் பரிந்துரைத்தது. 1931இல், ஆசியாவிலேயே முதன்முறையாக ஒரு நாடு முழுவதும் பொது வாக்குரிமையுடன் தேர்தல் நடந்தது. உலக வரலாற்றில் இது பெருமைக்குரிய நாள். ஆனால் அதே நாளில் முஸ்லிம்களுக்குக் கிடைத்த தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் ஒன்றே ஒன்று. மாக்கான் மாக்கார் மட்டும் வென்றார். வாக்குரிமையை அகலப்படுத்தியதும் பிரதிநிதித்துவத்தைச் சுருக்கியதும் ஒரே சீர்திருத்தம். இந்த முரணைச் சுட்டுவோரைப் பிற்போக்காளர் என்று ஒதுக்குவது அன்றைய முற்போக்காளரின் வழக்கம். ஜாயாவும் அந்தப் பழியைச் சுமந்தார். பொது வாக்குரிமையை அஞ்சிய மேட்டுக்குடியினர் அன்று இருந்தார்கள் என்பது உண்மையே. பொது வாக்குரிமையால் உண்மையிலேயே குரலிழந்த சிறு சமூகங்களும் இருந்தன என்பதும் உண்மையே.

1936இல் அவர் மீண்டும் அவைக்குள் வந்தார், இரண்டாம் வாசல் வழியாக: ஆளுநரின் நியமனம். அரசாங்க சபையில் தேர்தல் வழியே குரல் கிடைக்காத பிரிவினருக்கென ஆளுநர் நியமிக்கும் இடங்கள் இருந்தன. அவ்வாண்டு ஜாயாவும் ராஸிக்கும் அப்படி நியமிக்கப்பட்டார்கள். பெயர்ச் சண்டையின் இரு தரப்பும் ஒரே வாசலில் நுழைந்தன! நியமன உறுப்பினர் என்ற நிலை விசித்திரமானது. நம் நாட்டில் ஆங்கிலோ இந்தியருக்கு மக்களவையில் இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரி வரை இருந்ததை நீங்கள் அறிவீர்கள். நியமனம் பெற்றவர் யாரிடமும் வாக்குக் கேட்கத் தேவையில்லை. அதனாலேயே எதைப் பேசினாலும், 'உன்னை அனுப்பியது யார்?' என்ற கேள்வி அவர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும்.

அதே 1936இல் அமைந்த அமைச்சர் குழு முழுக்க முழுக்கச் சிங்களவரால் ஆனது. ஏழு செயற்குழுக்களின் தலைமையையும் அவர்களே பெறும்படி கணக்காகத் திட்டமிட்டிருந்தார்கள். சிறுபான்மையோரின் ஐயங்களுக்கு இதைவிட நல்ல சான்று தேவைப்படவில்லை. இந்தப் பின்னணியில்தான் பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை எழுப்பினார்: அவையின் பாதி இடங்கள் சிங்களவருக்கு, மறுபாதி மற்றெல்லாச் சிறுபான்மையினருக்கும். ஜாயாவும் அந்த ஆண்டுகளில் சிறுபான்மையோருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிட்டவரே. பொன்னம்பலத்தின் கணக்கு வெல்ல வேண்டுமானால் முஸ்லிம்கள் அந்தப் பக்கம் நின்றாக வேண்டும்.

நிற்கவில்லை. 1945இல் ஜாயா எடுத்த முடிவே அவர் வாழ்வின் திருப்பம்.

அவ்வாண்டு மார்ச்சில் இலங்கைக்கு முழு விடுதலை கோரும் மசோதா அரசாங்க சபைக்கு வந்தபோது ஜாயா அதை ஆதரித்துப் பேசினார். தம் சமூகத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற கருத்தை அவர் கைவிடவில்லை. விடுதலைக்கு அதை முன்நிபந்தனையாக்க மறுத்தார், அவ்வளவே. பாதுகாப்பை வெள்ளையரிடம் கேட்டுப் பெறுவதைவிட, சக நாட்டவரின் நல்லெண்ணத்தை நம்புவதைத் தேர்ந்தெடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் சோல்பரித் திட்டத்தின் வழிவந்த அரசியலமைப்பை ஏற்கும் தீர்மானத்தை டி. எஸ். சேனநாயக்கா கொண்டுவந்தார். 51 பேர் ஆதரித்தார்கள். 3 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்த மூவருள் இருவர் இந்தியத் தமிழரின் பிரதிநிதிகள். பொன்னம்பலம் அப்போது லண்டனில் இருந்தார். ஜாயா உள்ளிட்ட முஸ்லிம் உறுப்பினர்கள் ஆதரித்தார்கள்.

இதைத் துரோகம் என்று எழுதிய தமிழர் உண்டு; தேசபக்தியின் உச்சம் என்று இலங்கைப் பாடநூல்கள் போற்றுவதும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஐம்பதுக்கு ஐம்பது கிடைத்திருந்தாலும், அந்தச் சிறுபான்மை ஐம்பதுக்குள் ஆயிரத்துக்கு மூவரான மலாயருக்கு எத்தனை? ஊர் ஊராகச் சிங்களவர் நடுவே சிதறி வாழும் தெற்கு முஸ்லிம்களுக்கு, 1915ஐ நேரில் கண்டவர்களுக்கு, பெரும்பான்மையோடு பகை என்பது எட்ட இருந்து பேசும் கொள்கை அல்ல; தெருவின் அடுத்த வீட்டுப் பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் திரண்டு வாழ்ந்தவர்களுக்கு இருந்த தேர்வு கலகெதரைக்காரருக்கு இல்லை.

இந்தியாவிலிருந்து ஓர் ஒப்பீடு. நம் அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் தனி வாக்காளர் தொகுதிக்காகக் கடைசி வரை வாதிட்டார், தோற்றார். பின்னர் பொதுத் தொகுதியில் நின்று மக்களவைக்குச் சென்றார். அந்தத் தொகுதி கேரளத்தின் மஞ்சேரி, அவர் பிறந்த திருநெல்வேலிச் சீமை அல்ல. ஒருவர் கேட்டுத் தோற்றார். மற்றவர் கேட்காமல் விட்டார்.

மூன்றாம் வாசலைத் திறந்தது சோல்பரி அரசியலமைப்பு. இதன் நுட்பம் அதிகம் பேசப்படாதது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இன அடிப்படையில் இடம் ஒதுக்குவதை அதுவும் ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக, ஒவ்வொரு 75,000 மக்களுக்கு ஓர் இடம், ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் இடம் என்று கணக்கிட்டது. மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கும் கிழக்கும் இதனால் சில இடங்களைக் கூடுதலாகப் பெற்றன. இனக் கலப்பு மிகுந்த சில தொகுதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைத் தந்தது. 1947இல் அப்படி ஐந்து தொகுதிகள்: நான்கில் இருவர், கொழும்பு மத்தியில் மூவர். கொழும்பு மத்தி வாக்காளருக்கு மூன்று வாக்குகள். மூன்றையும் ஒருவருக்கே போடலாம். சிறு சமூகம் ஒன்று தன் வாக்குகளை ஒருவர் மேல் குவித்தால் மூன்றாம் இடத்தையாவது பிடித்துவிடும். இன ஒதுக்கீடு என்ற பெயரே இல்லாமல் இன ஒதுக்கீட்டின் வேலையைச் செய்த பொறி அது. இவை போக, ஆறு நியமன இடங்களும் இருந்தன.

1947 தேர்தலில் கொழும்பு மத்தியில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நின்ற ஜாயா வென்றார். அவரோடு வென்ற இருவர், டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தங்களால் புகழ்பெற்ற தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவும், கம்யூனிஸ்டான பீட்டர் கெனமனும். ஒரு சிங்களவர், ஒரு மலாயர், ஒரு பறங்கியர். ஜாயா வாங்கியது மூன்றாம் இடமும் அல்ல; கெனமனுக்கு முன்னால் வந்தார். மலாயர் வாக்கோ சோனகர் வாக்கோ மட்டும் அவரை அங்கே ஏற்றவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக மருதானையில் பள்ளி நடத்திய ஆசிரியருக்கு அந்தத் தொகுதியில் எத்தனை பழைய மாணவர் வீடுகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் அவர் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். இங்கே கட்டுரை கனக்கத் தொடங்குகிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்கள் வாக்கையும் பறித்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6 இடங்களை வென்றிருந்தது, 1952இல் ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய அந்த மக்கள் நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம். அவர்களின் குடியுரிமை போனபோது தொழில் அமைச்சராக இருந்தவர் ஜாயா. சி. சுந்தரலிங்கம் 1948 இறுதியில் அமைச்சரவையை விட்டு விலகினார். ஜாயா தொடர்ந்தார்.

புதியதொரு நாட்டின் நல்லெண்ணத்தை நம்பித் தன் பாதுகாப்புக் கோரிக்கையை மடித்து வைத்தவர், அந்த நாடு தன் முதல் ஆண்டிலேயே இன்னொரு சிறுபான்மையை வெளியே தள்ளியதைக் கூட்டுப் பொறுப்புள்ள அமைச்சராக அருகிலிருந்து கண்டார். பாதிக்கப்பட்டவர் தோட்டத் தமிழர் மட்டும் அல்லர்; காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் கொழும்பு புறக்கோட்டைக்கு வந்து கடை நடத்திய இந்தியச் சோனகரும் அந்தச் சட்டத்தின் முன் அயலாரே. 'முஸ்லிம்' என்ற சொல்லின் அகலத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியவரின் காலத்தில், அந்தச் சொல்லுக்குள் இருந்த ஒரு பகுதியும் கைவிடப்பட்டது. பெரும்பான்மைக்கு அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு வேலியாக இருக்கும், பாரபட்சமான சட்டம் செல்லாது என்று 1945இல் பலர் நம்பினார்கள். 1953இல் பிரிவி கவுன்சில், கோடக்கன் பிள்ளை வழக்கில், இந்தச் சட்டங்கள் அந்தப் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. வேலி நின்ற இடத்திலேயே நின்றது. ஆடு மட்டும் உள்ளே இல்லை.

என் ஆசிரியர் ஒருவருடன் இதைப் பற்றி நீண்ட நேரம் வாதிட்டிருக்கிறேன். 'விலகியிருக்க வேண்டும்' என்பது அவர் கருத்து. விலகியிருந்தால் சட்டம் நின்றிருக்காது. ஆனால் வரலாற்றில் ஒரு பதிவு இருந்திருக்கும். இந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அதே வேளை, ஆயிரத்துக்கு மூவரின் ஒரே நாற்காலியைக் காலி செய்துவிட்டு எழுவது, ஆயிரத்துக்கு எழுநூறு பேரின் நாற்காலியிலிருந்து எழுவது போன்றது அல்ல என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதானால், அங்கே முதலில் நிற்க வேண்டியவர்கள் வேறு பலர். பொன்னம்பலமே 1948 செப்டம்பரில், குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய பின், அதே அமைச்சரவையில் போய்ச் சேர்ந்தார்.

1950இல் ஜாயா அமைச்சர் பதவியை விட்டு, பாகிஸ்தானுக்கான இலங்கை உயர் ஆணையராகக் கராச்சிக்குச் சென்றார். நாடாளுமன்ற வாழ்வு அத்துடன் முடிந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவர் அவையில் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது ஆய்வாளன் வேலையன்று.

அவருக்குப் பின் டாக்டர் எம். பி. திரஹ்மான், எம். டி. கிச்சிலான், பி. ஸஹீர் லாய் ஆகிய மலாயர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள். மூவரும் நியமன உறுப்பினர்கள். 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு அந்த ஆறு நியமன இடங்களையும் நீக்கியது. 29ஆம் பிரிவும் அத்துடன் மறைந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயர் சுமார் 40,000 பேர். விகிதம் ஆயிரத்துக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது. தேர்தல் தொகுதியில் வாக்கு வாங்கி அமைச்சரவைக்குள் சென்ற ஜாயாவின் பாதை, எழுபது ஆண்டுகளுக்குப் பின் பார்க்கையில், ஒரு விதியாகத் தெரியவில்லை. மூன்று வாக்குகளை ஒருவருக்கே போடலாம் என்ற ஒரு சிறு சட்டப்பிரிவும் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு முறை சந்தித்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது.

1960இல் ஹஜ் பயணம் புறப்பட்ட ஜாயா, மே 31 அன்று மதீனாவில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். எங்கள் ஊர் மாநிலம் மாறி அப்போது சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது.